ஏழாவது முள்

பசுமலைத் தண்ணீரில் காப்பி நன்றாக வராது, ஐயா. கிணறுகள் எல்லாம் பாறையைக் குடைந்து தோண்டியவை. எவ்வளவு தூள் போட்டாலும் அடியில் ஒரு சப்பைச் சுவை இருந்துகொண்டே இருக்கும். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்துவிடுவார்கள். நீங்கள் சுளிக்கவில்லை. அப்போதே உங்களுக்கு ஒரு மதிப்புப் போட்டுவிட்டேன்.

காசிமாயன் சார் உள்ளே படுத்திருக்கிறார். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்குவார். அவர் சம்சாரம் சீனியம்மாள் அக்கா கடைவீதிக்குப் போயிருக்கிறார். நாம் நிதானமாகப் பேசலாம். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. நாலு வருஷத்தில் பட்டணத்து மியூசியத்திலிருந்து நீங்கள் சாருக்கு எழுதிய பதினோரு கடிதங்களும் எங்கே போயின? அவை எங்கும் போகவில்லை. அந்த டிரங்குப் பெட்டியில் தேதி வரிசைப்படி இருக்கின்றன. கரையான் வராமல் வசம்புகூடப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு காகிதத்தைத் தொலைத்தான் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் நடுவிலிருந்து சொன்னால் உங்களுக்கு விளங்காது. எங்கள் தொழிலில் மாட்டின் விலையைப் பேசுவதற்கு முன் அதன் ஊரைச் சொல்லுவோம்.

என் ஊர் அவனியாபுரம். பெயர் சோலை. அப்பா, சித்தப்பா, தாய்மாமன் மூன்று பேரும் மாட்டுத் தரகர்கள். சித்திரைத் திருவிழாவுக்குக் கூடுகிற மாட்டுச்சந்தையில் எங்கள் ஆட்களைத் தாண்டி ஒரு காளை கைமாறியதில்லை. அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். தரகன் தோளிலுள்ள துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவான். துண்டுக்குள் விற்கிறவனுடைய விரல்களைப் பிடிப்பான். ஒரு விரல் என்றால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டு, பிறகு இரண்டைப் பிடித்தால் ஏழு. அப்புறம் அந்தப் பக்கம் போய், வாங்குகிறவனுடைய விரல்களைப் பிடிப்பான். இந்தக் கைக்குச் சொன்னது அந்தக் கைக்குத் தெரியாது. இவனிடம் ஏழு, அவனிடம் ஒன்பது. கடைசியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். இதைப் பொய் என்று யாராவது சொன்னால் எங்கள் அப்பா சண்டைக்கு வந்துவிடுவார். இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு இடம் இருக்கிறது, ஐயா. அந்த இடத்தில் நிற்பது ஒரு சேவை.

எனக்கு அந்தச் சேவை வாய்க்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை இங்கிலீஷ் படித்துவிட்டேன். இங்கிலீஷ் தெரிந்த தரகனை மாடு வாங்க வருகிற எந்தச் சம்சாரியும் நம்பமாட்டான். ஆகவே பசுமலைக் காலேஜில் ஜீவசாஸ்திர அறைக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். ஜாடி கழுவுவது, தவளையைப் பலகையில் குத்துவது, படம் வரைவது. கை சுத்தம் என்று பெயர் எடுத்தேன். அங்கேதான் காசிமாயன் சார் பாடம் நடத்தினார்.

சாருடைய ஊர் உசிலம்பட்டிக்கும் மேற்கே. கைரேகைச் சட்டம் அமலில் இருக்கிற ஊர். ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் பத்து விரல்களையும் மையில் தோய்த்துப் போலீஸ் பதிவேட்டில் வைக்கவேண்டும். இரவில் ஸ்டேஷன் வாசலில் போய்ப் படுக்கவேண்டும். சாரின் அப்பா பேயாண்டி, குற்றம் ஒன்றும் செய்யாமலே பதினாறு வருஷம் அப்படிப் படுத்தவர். பாதிரிமார் கண்ணில் பட்டு, அந்த வீட்டுப் பிள்ளை பி.ஏ. வரை படித்துக் காலேஜ் வாத்தியார் ஆனார் என்றால், அது ஆழ்கடலிலிருந்து ஒரு ஜந்து மேலே வந்தது போலத்தான்.

நிஜமாகவே ஒரு ஜந்தும் வந்தது. முப்பத்து நாலாம் வருஷம் தைப் பொங்கல் கழிந்த வாரம். சாரின் பழைய மாணவன் ஒருவன் கடலுக்கடியில் கிடக்கும் தந்திக் கம்பியைப் பழுதுபார்க்கிற கப்பலில் குமாஸ்தா. இலங்கைக்குத் தெற்கே, ஆயிரம் பாகத்துக்கு மேல், ஒரு மைலுக்கும் கூடுதலான ஆழத்திலிருந்து கம்பியை இழுத்தபோது அதில் தொற்றிக்கொண்டு வந்ததாம். பிஸ்கட் ஜாடியில் சாராயம் ஊற்றி அனுப்பியிருந்தான். ஒரு சாண் நீளம் இருக்கும்.

சார் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேய் சோலை. மாட்டுக்கு நீங்க பல்லப் பாக்குறீங்க, சுழியப் பாக்குறீங்க. இதுக்கு நான் முள்ளப் பாக்குறேன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தாண்டா."

"நாங்க பாத்து முடிச்சா மாடு கைமாறும் சார். நீங்க பாத்து முடிச்சா?"

"பேரு மாறும்டா, மாப்ள."

அவர் சந்தோஷமாக இருந்தால் மட்டும் என்னை மாப்ள என்பார்.

சிங்கி இறாலின் பங்காளிதான் அது. ஆனால் சிங்கி இறாலுக்கு விசிறி போல இருக்கும் வால் நுனி இதற்கு ஊசியாகக் கூர்ந்திருந்தது. முன்பக்கத்து நாலு ஜோடிக் கால்களிலும் கொடுக்கு. எங்கள் சந்தையில்கூட எவனுக்கும் இரண்டு கைதான். இது எட்டுக் கையால் வாங்குகிறது என்றேன். சார் வெகுநேரம் சிரித்தார். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குமிழ் மட்டும் இருந்தது. அந்த ஆழத்தில் வெளிச்சமே கிடையாதாம். இல்லாத வெளிச்சத்துக்கு எதற்குக் கண் என்று தலைமுறை தலைமுறையாக விட்டுவிட்டதாம். சிக்கனமான ஜந்து.

இந்தச் சாதியில் எது எது என்று பிரித்துச் சொல்ல, முதுகு ஓட்டின் ஓரத்தில் இருக்கும் முட்களை எண்ணவேண்டும். முன் முனையிலிருந்து முதல் பள்ளம் வரைக்கும் எத்தனை, அடுத்த பள்ளம் வரைக்கும் எத்தனை, அதற்குப் பின்னால் எத்தனை. உங்களுக்கு நான் இதைச் சொல்லுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான்.

அப்போதே சாருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. சித்திரை வெயிலில் நின்றுகொண்டு, "பனி எறங்குதாடா?" என்று கேட்பார். ஜந்து வந்த அன்றைக்கு ஒரு காலை முழுதும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து தாமே எண்ணினார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. ஜாடியை என்னிடம் கொடுத்து, "தொடச்சுப் படம் போடு. லட்சணமா இருக்கணும்" என்றார்.

நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன், ஐயா. லட்சணமா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலேஜில் யாரும் இல்லை. ஜந்தைப் பீங்கான் தட்டில் வைத்து, ஓரங்களில் ஒட்டியிருந்த சகதியை மயிலிறகுத் தண்டால் நீக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். முதல் பள்ளத்துக்கு முன்னால் வலது ஓரத்தில் ஆறு முள். இடது ஓரத்தில் ஏழு.

எங்கள் வீட்டில் இதற்கு யோசிக்கவே மாட்டார்கள். ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை என்றால் அந்தக் காளை விலைபோகாது. சந்தைக்கு ஓட்டும் முன்பு நீளமான கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, இரண்டையும் சரிக்குச் சரி ஆக்கிவிடுவோம். ஏமாற்று அல்ல. பெண்ணுக்குத் தலை சீவிவிடுவது போல. ஏழு வயதில் என் கையில் சீவுகத்தியைக் கொடுத்தார்கள். அந்தக் கை மறக்கவில்லை. ஒரு பிளேடை எடுத்து, இடது ஓரத்தில் கூடுதலாகத் துருத்திக்கொண்டிருந்த அந்த ஏழாவது முள்ளை அடியோடு சீவி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். கத்திரிக்காய் விதை அளவுகூட இராது. நகத்தில் ஒட்டியிருந்தது. ஊதிவிட்டேன்.

ஜந்து இப்போது லட்சணமாக இருந்தது.

திங்கட்கிழமை சார் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"எடது பக்கத்துல ஏழாவதா ஒரு முள்ளு இருக்குல்லடா? வலதுலயும் இருந்திருக்கு, கம்பி இழுக்குறப்ப ஒடிஞ்சிருக்கு. தடம் தெரியுது. அந்த எடது முள்ளுதான் சாட்சி. அது ஒண்ணுதான்."

"எதுக்கு சார் சாட்சி?"

"இந்த ஜாதியில இது வரைக்கும் பாத்ததுக்கெல்லாம் ஆறுதான். ஏழுள்ளது ஒலகத்துல எவனும் பாத்ததில்ல. இது புதுசுடா. இன்னும் பேரில்ல."

"ஆறு இருந்தா, சார்?"

"ஆறு இருந்தா அம்பது வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளக்காரன் பேரு வச்சிட்டான். எனக்கு என்ன சோலி அதுல?"

பிறகு, "எங்கய்யா பேரு எழுத்துல ஏறுனது ஒரே எடத்துல. பக்கத்துல பத்து வெரலும் இருந்துச்சு. இன்னொரு தடவ ஏறட்டும். லத்தீன்ல. பேயாண்டியி" என்றார். பேயாண்டியினுடையது என்று அர்த்தமாம். அந்த ஊரில் எத்தனையோ பேர் சாமிக்குக் கோபுரம் கட்டவேண்டும் என்று ஆசைப்படுவார்கள். சாருக்கு அப்பன் பெயரை ஒரு குருட்டு இறாலின் தலையில் ஏற்றவேண்டும். ஆசைகளில் இது மலிவானது. அவருக்கு இருந்ததும் இது ஒன்றுதான்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். உங்கள் முகம் சொல்லுகிறது. நானும் நினைத்தேன். ஆனால் சந்தைக்கு வந்த மாடு நொண்டி என்று தரகன் தன் வாயால் சொன்னதாக எங்கள் பரம்பரையில் கிடையாது. அதோடு, சார் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிக்கிறவரிடம் போய் எதைச் சொல்ல?

படம் வரைந்தேன். இரு பக்கமும் ஏழேழு முள். கடவுள் படைத்தபடி வரைந்தேன்; அதில் குற்றம் கண்டுபிடிக்க உங்களாலேயே முடியவில்லை. படத்தோடு தம் கண் மங்குகிறதையும் எழுதி சார் உங்களுக்கு அனுப்பினார்.

சாருடைய கண் மங்க மங்க என் வேலை கூடியது. வாரத்துக்கு ஒரு தரம் எண்ணச் சொல்லுவார். காலேஜில் மற்ற வாத்தியார்கள், "என்ன காசிமாயன், முள்ளு நேத்திக்கும் இன்னிக்கும் குட்டி போட்டுருச்சா?" என்று கேலி பேசுவார்கள். சாருக்குக் கூச்சம். ஆகவே துண்டு முறையை அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். நான் ஜாடியைப் பார்ப்பேன். துண்டுக்குள் அவருடைய ஐந்து விரல்களையும் பிடித்துவிட்டு, பிறகு இரண்டைப் பிடிப்பேன். அவர் முகம் மலரும். தொட்டால் ஒடிந்துவிடும் என்று அவர் தம் விரலைக்கூட ஜாடிக்குள் விடமாட்டார், சாட்சியைக் கலைக்கக்கூடாதாம். அந்தக் கட்டுப்பாடு அவருடையது. நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் உங்கள் முதல் கடிதம் வந்தது. நல்ல கடிதம். மூன்றே வரி. படத்தைப் பார்த்தாலே புதியது என்று தெரிகிறது, உடனே எழுதி அச்சுக்கு அனுப்புங்கள். மாதிரியை மியூசியத்தில் வைக்கவேண்டும், நேரில் கொண்டுவாருங்கள். உங்கள் கண்ணைப் பற்றி என் நண்பரான டாக்டரிடம் பேசிவிட்டேன், வந்த கையோடு புரையை எடுத்துவிடலாம்.

மூன்று வரியிலும் மூன்று நன்மை. சாருக்குப் படித்துக்காட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் மூன்று வரியும் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்று பார்த்தேன். ஜந்து உங்கள் மேஜைக்கு வந்தால் ஆறு. புரையை எடுத்தால் சார் கண்ணுக்கும் ஆறு.

"என்னடா எழுதியிருக்காரு?"

"சந்தேகமா இருக்காம் சார். இன்னொருக்கா எண்ணிப் பாக்கச் சொல்றாரு."

சார் கோபப்படவில்லை. "பெரிய மனுசன். சட்டுன்னு ஒத்துக்கிட மாட்டாரு" என்று சந்தோஷமாகவே சொன்னார். பேரம் பேசுகிறவனைத்தான் மதிப்பார்கள், ஐயா. நீங்கள் முதல் விலைக்கே ஒப்புக்கொண்டீர்கள் என்று தெரிந்திருந்தால் அவருக்கு உங்கள்மேல் இத்தனை மரியாதை வந்திருக்காது. அந்த மரியாதையை உண்டாக்கியவன் நான்.

பிறகு எல்லாம் ஒரு ஒழுங்காக நடந்தது. சார் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதுவேன், கையெழுத்து வாங்குவேன், அது என் பெட்டிக்குப் போகும். நான் எழுதியது உங்களுக்கு வரும். ஜாடியை ரயிலில் அனுப்பத் தயக்கம், கண்ணுக்கு உள்ளூர் வைத்தியம் நடக்கிறது, குணம் தெரிகிறது. ஜந்தின் எட்டுக் கொடுக்கையும் வரைகிறவனுக்கு ஒரு மனிதனின் கையெழுத்து என்ன பெரிய வித்தை? உங்கள் பதிலும் அப்படியே. தாங்கள் அன்பாக எழுதியதை நான் கொஞ்சம் கறாராகப் படித்துக்காட்டினேன். நடுப் பள்ளத்து முள்ளை எண்ணு என்பீர்கள், எண்ணுவோம். வாலின் வரம்பை அள என்பீர்கள்; அளப்போம். பேரம் முடிந்துவிட்டால் இரண்டு பேரும் தரகனை மறந்துவிடுவார்கள். முடியாத வரைக்கும்தான் அவனுக்கு மோர்.

எனக்கு அந்த வீட்டில் மோர் மட்டும் அல்ல, சாப்பாடே கிடைத்தது. "நீ என் கண்ணுடா" என்று சார் சொல்லுவார். அவனியாபுரத்தில் என்னை யாரும் எதுவாகவும் சொன்னதில்லை.

கண் விஷயத்தில் சீனியம்மாள் அக்காதான் அவசரப்பட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சந்தேகப்படத் தெரியும். சாரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டிகூடப் பேசிவிட்டார். நான் உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்தேன்: புரை பழுக்க வேண்டும், காயாக இருக்கும்போது வேறு யாரும் கத்தி வைத்தால் கண் போய்விடும், பட்டணத்து டாக்டர் சொல்லும்வரை பொறுக்கவேண்டும். பழுக்கவேண்டும் என்பது டாக்டர்கள் எல்லாரும் சொல்லுகிறதுதானே? நான் புதிதாக ஒன்றும் கட்டவில்லை. இதற்குள் பழுத்திருக்கும், வாருங்கள் என்று நீங்கள் எழுதியதை மட்டும் வாசிக்கவில்லை.

அக்கா ஒவ்வொரு மாங்காய்ப் பருவத்திலும் கேட்பார்.

"இன்னுமா தம்பி பழுக்கல? மரத்துல காயே பழுத்து விழுந்துருச்சு."

"இது ஒட்டு மாம்பழம்க்கா. மெதுவாத்தான் பழுக்கும்."

"எம்புட்டு மெதுவாடா? நீ பேசுறதப் பாத்தா கொட்டைக்குள்ள வண்டு விழுந்துரும் போலயே."

சார் உள்ளேயிருந்து சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டார். அந்த வீட்டில் நகைச்சுவை தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

முப்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் சாருக்குத் தலைவலி வந்தது. மூன்று நாள் சுவரில் தலையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைக் கேட்காமலே வண்டி கட்டினார். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, புரை முற்றிப்போய்க் கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார். இடது கண் அன்றைக்கே போயிற்று. வலது கண் மாசியில். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் அரைமணி நேர வேலை என்று சொல்லித் தலையை ஆட்டினார். டாக்டர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஆகாத பேரத்தைப் பற்றித்தான் அழகாகப் பேசுவார்கள்.

நான் சாரை விட்டு ஒரு நாள் நகரவில்லை. காலேஜிலிருந்து விலகல் காகிதம் வந்தது. சார் கையெழுத்துப் போட்டால் கோடு விட்டுக் கோடு ஏறியது. பார்க்க நன்றாக இல்லை. இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, "இங்க வைங்க சார், சுளுவா முடிஞ்சிரும்" என்று வைக்கச் சொன்னேன். ரேகை சுத்தமாக விழுந்தது. அன்று அவர் ஏனோ சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று நினைத்து மிளகு ரசம் வைக்கச் சொன்னேன்.

இந்த வருஷம் வைகாசியில் உங்கள் பதினோராவது கடிதம், கூடவே அச்சடித்த நாலு பக்கம். எங்கோ ஒரு வெளிநாட்டுக் கப்பல் அதே ஜந்தில் ஒன்பது பிடித்துவிட்டதாம். இரு பக்கமும் ஏழேழு முள்ளாம். அந்தக் கப்பலுக்குச் செலவு செய்த சீமானின் பெயரை வைத்துவிட்டார்கள். உங்களுக்கு வருத்தம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நான் வரைந்த படம் சரியாக இருந்தது. ஒன்பது ஜந்தும் என் பக்கம் சாட்சி சொல்லின.

சாரிடம் என்ன வாசித்தேன் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். "ஒத்துக்கிட்டாங்க சார். அச்சாயிருச்சு. பேயாண்டியி."

சார் எழுந்து நின்றார். தாளைக் கேட்டார். கொடுத்தேன். எழுத்து தடவுகிற கையில் தட்டுப்படும் என்பதுபோலத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எந்த எடத்துலடா எங்கய்யா?"

அவர் விரலைப் பிடித்து அந்தச் சீமானின் பெயர்மேல் வைத்தேன்.

"ரெண்டு நகல் எடுத்துரு. ஒண்ணு ஊருக்கு. ஒண்ணு அந்த ஸ்டேஷனுக்கு. ஏட்டய்யா படிக்கட்டும்" என்றார். சீனியம்மாள் அக்கா கதவருகே நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. அதைக் கொடுத்தது நீங்களா, கப்பல்காரர்களா, நானா? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஆக, கேட்டதற்குப் பதில் இதுதான். முள்ளைச் சீவியது நான். கடிதங்களை மறைத்தது நான். சாருடைய கண் போகட்டும் என்று காத்திருந்ததும் நான்தான். போகவேண்டும் என்று நினைக்கவில்லை, போனால் பரவாயில்லை என்று நினைத்தேன், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் சொந்தக் கையெழுத்தே போடுகிறேன். தாங்கள் சாரிடம் இதைச் சொல்லாமல் ரயில் ஏறினால் நல்லது என்பது என் அபிப்பிராயம். கண்ணும் போய், பெயரும் போயிற்று என்று ஒரே நாளில் ஒரு மனிதரிடம் சொல்லுவது கொடுமை. எனக்கு அந்த மனசு வரவில்லை.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் படுத்திருப்பார். கதவு காற்றுக்காகத் திறந்திருக்கிறது.

அக்கா ஜலால் பாய் கடையில் ஒரு கார்டு எழுதச்சொல்லி உங்களுக்குப் போட்டிருக்கிறார், அதைப் பார்த்துத்தான் நீங்கள் ரயில் ஏறி வந்தீர்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. என்ன தேதி என்றீர்கள்? ஆனி பன்னிரண்டா? அதற்கு முந்தின நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத்தான் சார், "இனிமே என்ன பயம், அச்சாயிருச்சுல்ல? ஒரே ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிறேன்டா" என்று ஜாடியைக் கேட்டார். நான் தட்டில் எடுத்து வைத்தேன். இடது ஓரத்தை நுனி விரலால் தடவிக்கொண்டே போனார். ஒவ்வொரு முள்ளாக. ஆறில் விரல் நின்றது. நான் நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கிய அந்த இடத்தில் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு, "மூடி வையி" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் கையைப் பிடித்து நடப்பதில்லை; அக்காவைத்தான் கூப்பிடுகிறார். மாப்ள என்றும் சொல்லுவதில்லை. வயதாகிவிட்டது. ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். நாலு வருஷம் நான் ஏழு என்று சொல்லியிருந்தேன். அவருடைய விரல் ஆறு என்று சொன்னது. அதற்குப் பிறகும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம் சொந்த விரலைவிட என்னைத்தான் நம்புகிறார், ஐயா.